மனைவிக்கு வாங்கிய பெரிய கேமரா

என் மனைவிக்கு வயலில் இறங்கும் கொக்குகளைப் படமெடுக்கப் பிடிக்கும். அவள் பிறந்தநாளுக்குக் கேமரா வாங்கத் தஞ்சாவூருக்குத் தனியாகப் போனேன். "ஆசைக்கு எடுக்கறவங்களுக்கு இந்தச் சின்ன கேமராவே போதுங்க. அவங்களைக் கூட்டிட்டு வாங்க, பிடிச்சுப் பார்க்கட்டும்" என்றார் கடைக்காரர். நான் கேட்கவில்லை; ஒரு மாதமாக யூடியூபில் கேமரா வீடியோக்களாகப் பார்த்துவிட்டுத்தான் போயிருந்தேன். கல்யாண போட்டோகிராபர்கள் தூக்கும் கனத்த கேமராவையே வாங்கினேன்.

அதைப் பார்த்ததும் அவள் பூரித்துப்போனாள். ஆனால் இரண்டு மாதமாகியும் செல்போனில்தான் படமெடுத்தாள். எனக்குக் கோபம் வந்தது. ஒருநாள் கேமராவை நானே தூக்கிக்கொண்டு அவள் பின்னால் வரப்பில் நடந்தேன். கால் மணி நேரத்தில் கை கடுத்தது.

"வலிக்குதா?" என்று சிரித்தாள். "எனக்கு ஸ்கூட்டியில விழுந்து மணிக்கட்டுல அடிபட்ட கைங்க. ஆசையா வாங்கிட்டு வந்தீங்க, எப்படிச் சொல்றது?"

மறுநாள் சின்ன கேமராவாக மாற்றி வாங்க அவளையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். கேமராவைப் பற்றி அத்தனை வீடியோ பார்த்தவன், அவள் மணிக்கட்டை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.