ஆறு போல்ட்டும் ஒரு ‘சலேகா’வும்

அறுபதுகளின் கடைசி. போர்ட் பிளேரில் அரசு அலுவலகம் ஒன்றில் கணக்கராக இருந்தேன். மின்னி பே என்ற இடத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதில்தான் என் மனைவியின் தம்பி தன் ஜீப்பை நிறுத்துவான். வண்டூருக்கு ஆள் ஏற்றிப் போகும் வண்டி அது. மேட்டில் அது முக்கி முனகுவது அவனுக்குப் பெரிய அவமானம். ஏலத்தில் வந்த ஒரு பெரிய காரின் எஞ்சினை வாங்கி அதில் பொருத்திவிட்டான்.

“இனி தீவுலயே இதுக்கு முன்னால ஒரு வண்டி போகாது அத்தான்!”

எஞ்சினின் பலத்தைப் பழைய க்ளட்ச் தாங்கவில்லை, வழுக்கியது. மெட்ராஸிலிருந்து கப்பலில் புதிது வந்தது. எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் கனத்த இரும்புச் சக்கரத்தை பிளைவீல் என்பார்கள். க்ளட்சின் கூட்டை அதன் முகத்தில் வைத்து போல்ட் போட்டு இறுக்க வேண்டும். எதையும் எண்ணாமல் விடாதவன் நான். பிளைவீலில் ஆறு துளை, கூட்டிலும் ஆறு துளை. கியர்பாக்ஸ் தண்டில் பத்துப் பல், க்ளட்ச் தட்டின் நடுவிலும் பத்து. எல்லாம் சரி என்று சொல்லிவிட்டேன்.

வைத்துப் பார்த்தால் துளைகள் ஒன்றின் மேல் ஒன்று உட்காரவில்லை. கூட்டின் துளைகள் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், உள்ளே தள்ளியிருந்தன. அடுத்த கப்பல் என்றைக்கு வருமோ! அவன் அரத்தை எடுத்து ஆறு துளைகளையும் நீளவாக்கில் ராவி, போல்ட்டுகளை நுழைத்து இறுக்கிவிட்டான்.

“ஆடுமேடா?”

“சலேகா அத்தான், சலேகா!”

தீவில் எல்லோர் வாயிலும் புழங்கும் இந்திச் சொல். ஓடும் என்றும் அர்த்தம், பரவாயில்லை என்றும் அர்த்தம்.

எஞ்சின் ஓடியது. ஆனால் வண்டி முழுக்க ஒரு நடுக்கம். அப்படியே வண்டூர் ரோட்டில் முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினான். அந்த பிளைவீல் சுற்றுவது அவன் பாதத்துக்குப் பக்கத்தில். அந்த வேகத்தில் கூடு பிய்த்துக்கொண்டால், தடுப்பதற்கு ஒரு மெல்லிய தகரம்தான் உண்டு. சொன்னேன். சிரித்தான்.

“அத்தான் சோத்துப் பருக்கையக்கூட எண்ணித்தான் திம்பாக. இவுக பேச்சக் கேட்டா வண்டி கொட்டகையிலயே கெடந்து முட்டதான் போடும்.”

இதைக் கேட்டுக்கொண்டே வந்த என் மனைவி, ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு, ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நீ எங்கக்கா வார? எறங்கு.”

“சலேகான்னு சொன்னேல்லா? அப்ப எடு, நானும் வாரேன்.”

“ஓடுதுல்லா, பெறகு என்ன?”

“ஓடுமான்னு நான் கேக்கல. தாங்குமான்னு கேக்கேன். தாங்கும்னு ஒரு வார்த்த சொல்லு, போவோம்.”

இப்போது எனக்கு இரண்டு உயிர்ப் பயம். அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் சாவியைத் திருப்பி அணைத்தான்.

முணுமுணுத்துக்கொண்டே வண்டிக்கு அடியில் போய்ப் பிரித்தான். கொஞ்ச நேரத்தில் முணுமுணுப்பு நின்றது. ஆறு போல்ட்டில் இரண்டு, விரலால் திருகினாலே கழன்று வந்தன. மூன்றாவதன் கழுத்து வளைந்திருந்தது. நின்ற இடத்தில் ஓடிய ஓட்டத்துக்கே இந்த நிலை. வெளியே வந்து தரையில் உட்கார்ந்தவன், அக்காவின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

“எந்திரி, கையக் கழுவிட்டுச் சாப்பிட வா” என்றாள். அவ்வளவுதான்.

பிளைவீலின் மேல் தாளை விரித்து, துளைகளின் வட்டத்தை அப்படியே கரியால் தேய்த்தெடுத்து மெட்ராஸுக்கு அனுப்பினோம். பொருந்துகிற க்ளட்ச் வந்தது. பல வருஷம் அந்த ஜீப் வண்டூர் மேட்டில் சொன்னபடி பறந்தது.

அவனும் இப்போது கிழவன். வீட்டுக்கு வந்தால் வாசலில் செருப்பைக் கழற்றும்போது என் பார்வை தானாகவே அவன் பாதங்களுக்குப் போய்விடுகிறது. ஆறுக்கு ஆறு சரியாக இருந்தும் பொருந்தாமல் போன அந்த நாளில், ஏறி உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்க ஒருத்தி இருந்தாளே என்று இன்றும் மனம் குளிர்ந்துபோகிறது.