மொட்டை பூத்த நாள்

எரிவாயுக் குழாய்களில் கசிவு பார்ப்பது அவர் வேலை. இருபத்தாறு வருடமாகப் பிறர் வீட்டுச் சமையலறைகளில் மண்டியிட்டு, அடுப்புக்குப் பின்னால் தலையை நுழைத்து மோந்து பார்த்தவர். ஒவ்வோர் இணைப்பிலும் கசிவு காட்டும் கருவியை வைத்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. அவரோ மூக்குக்குச் சந்தேகம் வந்தால்தான் பையைத் திறப்பார். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் 'மூக்கர்'.

தன் வீட்டுச் சன்னலுக்கு நேராக நான்கு வருடம் முன்பு ஒரு செடி வைத்திருந்தார். நர்சரிக்காரர் சொன்ன பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. குளிர் வந்தால் ஓர் இலைகூட மிச்சம் வைக்காமல் உதிர்த்துவிட்டு, விளக்குமாற்றைத் தலைகீழாக நட்டது போல நிற்கும். மனைவி அதற்கு 'மொட்டை' என்று பெயர் வைத்தாள். தண்ணீர் தேங்காமல் மேடு கட்டினார். அரை நாள் வெயில் கிடைக்கும்படி பார்த்துக்கொண்டார். ஆனால் ஒவ்வொரு குளிரிலும் அழகுக்காகக் கிளைகளை வெட்டிவிடுவார். ஒரு தடவைகூட அது பூத்ததில்லை. மொட்டு பழைய கிளையில்தான் வரும், பூத்து முடிந்த பிறகே வெட்ட வேண்டும் என்று நர்சரிக்காரர் தலையில் அடித்துக்கொண்டு சொன்ன பிறகு, இந்த வருடம்தான் கத்தரியை எடுக்கவில்லை.

அது பூத்தது. விடுமுறை நாள் காலை, மனைவி வாசலிலிருந்து கத்தினாள்.

"ஏங்க, ஓடி வாங்க! தெருவே மணக்குது!"

கிளை தெரியாமல் வெள்ளைக் கொத்துகள். முகத்தைப் புதைத்து மூச்சை இழுத்தார். ஒன்றுமில்லை. இன்னொரு கொத்து. வெறும் காற்று.

"எப்படி இருக்கு?"

"பிரமாதம்."

உள்ளே போய்ச் சோப்பை மோந்தார். வெங்காயத்தை நறுக்கினார், கண் எரிந்தது, வாடை இல்லை. மூன்று வாரம் முன்பு வந்த காய்ச்சல் நினைவுக்கு வந்தது. சாப்பாடு அதிலிருந்தே சப்பென்றுதான் இருந்தது. நாக்கு செத்துப்போயிருக்கிறது என்று விட்டுவிட்டார்.

அப்புறம்தான் அது உறைத்தது. வேலைக்குத் திரும்பிய பிறகு எத்தனை வீடுகளில் 'கசிவு இல்லை' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்! நான்கு நாள் முன்பு, மூன்றாம் மாடியில், கைக்குழந்தைக்காரி ஒருத்தி சொன்னாள்: "லேசா ஏதோ வாடை வருதுங்க." அவர் சிரித்துக்கொண்டே, "குப்பைக்கூடையா இருக்கும்மா," என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். மாடிப்படியில் கால் பின்னியது. அழைப்பு மணிக்கு நீண்ட விரலைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். ஒரு பொறி போதும். கதவைத் தட்டினார். பதில் இல்லை. உள்ளங்கை எரியத் தட்டினார். கதவு திறந்தது. தோளில் குழந்தையோடு அவள்.

"அடுப்பு எரியுதா?"

"இல்லைங்க. பால் காய்ச்சத்தான் போனேன்..."

"எதையும் தொடாதீங்க. சுவிட்சைத் தொடாதீங்க. குழந்தையோட கீழே போங்க!"

சன்னல்களைத் திறந்தார். அடுப்புக்குப் பின்னால் ரப்பர் குழாய் நுனியில் வைத்ததும் கருவி அலறியது. அவர் மூக்குக்கு அங்கேயும் வெறும் காற்றுதான். வால்வை மூடிவிட்டு, கருவியை இன்னொரு முறை வைத்துப் பார்த்தார்.

"அன்னிக்கே நான் சொன்னேனே," என்றாள் அவள், கீழே வந்தவரிடம்.

"சொன்னீங்கம்மா. எனக்கு மோப்பம் போயிடுச்சு. இன்னிக்குக் காலையிலதான் தெரிஞ்சுது. ஆனா கருவி அன்னிக்கும் பையில இருந்துச்சு. நான்தான் எடுக்கலை."

அங்கிருந்தே மேலதிகாரிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னார். காய்ச்சலுக்குப் பிறகு அவர் பார்த்திருந்த முப்பத்தொரு வீடுகளையும் அன்றே நான்கு பேர் மறுபடி பார்த்தார்கள். இன்னொன்றிலும் கசிவு இருந்தது. சாயங்காலம் மனைவியிடம் சொன்னபோது, "அப்போ பிரமாதம்னு சொன்னது?" என்று கேட்டவள், பதிலுக்குக் காத்திராமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மோப்ப நரம்பு பழுதுபட்டிருக்கிறது, திரும்பினாலும் திரும்பலாம் என்றார் மருத்துவர். கருவிகளைச் சரிபார்க்கும் அறைக்கு அவரை மாற்றினார்கள்.

குழந்தைக்காரி எழுத்தில் புகார் கொடுத்தாள். மேலதிகாரி அதை நீட்டி, "ஏதாவது மறுக்கணும்னா எழுதுங்க," என்றார். அவர் இரண்டு முறை படித்தார். மறுக்க ஒரு வரியும் இல்லை. கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.