கரும்பு வெட்டியவர்களின் கட்சி

போன வாரம் திருவிடந்தையில் சவாரிக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் கரும்புச் சாறு பிழிந்தார்கள். அந்த வாசனையில், எப்போதோ என் காரில் சவாரி வந்த பிஜிக்காரர் ஞாபகம் வந்துவிட்டது.

நான் கார் ஓட்டத் தொடங்கிய புதிது. படித்தது ஐந்தாவது. பிஜி என்றால் அந்தமானுக்குப் பக்கம் என்று நினைத்திருந்தேன். கேட்கக் கூச்சப்பட்டு, அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினேன்.

மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வரைக்கும் தன் கட்சியைப் பற்றித்தான் பேசினார். கரும்பு வெட்டியவர்கள் ஆலையோடு மல்லுக்கட்டி ஆரம்பித்த கட்சியாம். இவர் கிளைச் செயலாளர், வீடுவீடாகப் போய் ஆள் சேர்த்தவர். ஒரு தடவை ஜெயித்து ஆட்சிக்கும் வந்தார்கள். வருஷம் திரும்புவதற்குள் பட்டாளம் சபைக்குள் புகுந்துவிட்டது. அப்புறம் ஜனம் விமானம் ஏறிப் போய்க்கொண்டே இருந்தது.

"எங்க கிளையில இப்ப நான் ஒரே ஆளு தம்பி" என்றார். தாத்தா வழியில் ஒரு சொந்தத்தையாவது பார்த்துவிடத்தான் இங்கே வந்திருந்தார்.

கார் முதலாளியும் கூட வந்தார். விவசாயக் குடும்பம். நான் ஊரா காலனியா என்று அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. ரோட்டோர டீக்கடையில், தாத்தா கப்பலேறியபோது கொடுத்த சீட்டின் நகலைப் பிஜிப் பெரியவர் விரித்தார். ஊர், என் அம்மா பிறந்த ஊர். சாதி, என் சாதி.

முதலாளி குரலைத் தாழ்த்தினார். "இன்னா சார், இத்தப் போயி நடுக்கடையில காட்டிகினு கீறீங்க. மடிச்சி வைங்க."

"எங்க கட்சியில யாரும் இத கேட்டதில்லீங்க."

"இது உங்க கட்சி இல்ல சார்."

சீட்டில் இருந்த ஊரில் அந்தச் சாதிக்காரர்கள் இருக்கும் தெருவுக்குப் போகலாம் என்றார் பெரியவர். கார் போகாது என்றார் முதலாளி. போகும். பெரியவர் என் பக்கம் திரும்பினார்.

"உனக்கு வழி தெரியுமா தம்பி?"

"தெரியாது சார்."

அம்மாவின் சித்தப்பா அப்போது அந்தத் தெருவில்தான் இருந்தார். தன் அப்பாவின் தம்பி கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறியதைப் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லுவார். பெரியவர் வந்துபோன அந்த வருஷமே சித்தப்பா இறந்துபோனார். பிள்ளைகள் மறைமலைநகருக்குக் கம்பெனி வேலைக்குப் போனதும் வீடு இடிந்து, இப்போது வேலிக்காத்தான் மண்டிக் கிடக்கிறது. பிஜிக்காரர் இருந்தால் எண்பதுக்கு மேல் ஆகியிருக்கும். அவருடைய விலாசத்தை நான் வாங்கிக்கொள்ளவில்லை.