திகாம் பத்து டயர் கடையைப் பற்றி நான் எழுதியது தவறு

மூன்று வாரத்துக்கு முன் இங்கே ஒரு திருவிழாப் பயணத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதன் கடைசியில், திகாம் பத்துவில் ஒரு டயர் கடைப் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள் என்று எச்சரித்திருந்தேன். கடைக்காரர் முகம் தெரிகிற மாதிரி படம் வேறு. பதினோரு பேர் எனக்கு நன்றி சொல்லியிருந்தீர்கள். அந்தப் பதிவை நீக்கிவிட்டேன். அது போதாது என்று தோன்றுவதால் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு நானும் மனைவி சாந்தியும் பாக்கார் ஆராங்கிலுள்ள எங்கள் வீட்டிலிருந்து புறப்பட்டோம். நான் பிறந்த எஸ்டேட் தோட்டத்தில் கோயில் திருவிழா. போகிற வழியில் திகாம் பத்துவில் மணியம் அண்ணனின் டயர் கடையில் நான்கு சக்கரத்துக்கும், ஈயத்துண்டு ஒட்டி எடையைச் சமன்செய்யும் பேலன்சிங் செய்துகொண்டோம். நாற்பது நிமிடம், முப்பத்திரண்டு வெள்ளி. அண்ணனும் அதே தோட்டத்தில் பிறந்தவர்தான், எனக்கு முன்பே வெளியேறி கடை போட்டவர்.

அங்கிருந்து தோட்டம் ஆறு கிலோமீட்டர். கடைசி இரண்டு கிலோமீட்டர் செம்மண் பாதை. முதல் நாள் மழையில் அது களியாகிக் கிடந்தது, கார் பாதிச் சக்கரம் வரை புதைந்துவிட்டது. நாலைந்து பேர் தள்ளித்தான் வெளியே வந்தோம். சாமி கும்பிட்டு, அன்னதானம் சாப்பிட்டுவிட்டு நான்கு மணிக்குத் திரும்பினோம். அறுபதுக்கு மேல் ஓட்டவில்லை, ஒன்றும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் காரைக் கழுவினேன். எனக்கு வேலை கூலிம் ஹைடெக் பூங்காவில், தொழிற்சாலைகள் நிறைந்த இடம். அங்கே கார் நிறுத்துமிடத்தில் என் கார் மட்டும் செம்மண்ணோடு நிற்பதும், எங்கே போய்வந்தாய் என்று யாராவது கேட்பதும் எனக்குப் பிடிக்காது. வெளியில் தெரிகிற இடமெல்லாம் பளபளவென்று ஆகும் வரை தேய்த்தேன்.

திங்கள் காலை ஆறரைக்கு வேலைக்குக் கிளம்பினேன், நாற்பது கிலோமீட்டர் போல. எழுபது வரை ஒன்றுமில்லை. தொண்ணூறைத் தொட்டதும் ஸ்டீயரிங் உதற ஆரம்பித்தது. நூறில் பல்லே தடதடத்தது. வேகம் குறைந்தால் நின்றுவிடும். பேலன்சிங் சரியில்லை என்றால் இப்படித்தான் ஆடும் என்று எங்கோ படித்திருந்தேன். மணியம் அண்ணன் ஏமாற்றிவிட்டார் என்று அங்கேயே முடிவு கட்டினேன்.

மாலை ஆறரைக்கு அவர் கடைக்குப் போனேன். நான்கு வாடிக்கையாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் கத்தியதையெல்லாம் கேட்டுக்கொண்டு, அண்ணன் குனிந்து முன்சக்கரத்தின் உள்பக்கம் கைவிட்டுத் தடவிப் பார்த்தார்.

“சாவிய குடு தம்பி. பின்னால கொண்டு போயி பாக்குறேன், பத்து நிமிஷம்லா.”

“ஒருவாட்டி செஞ்சது போதும்ண்ணே. எஸ்டேட்டுக்காரன் வேலைன்னா இப்படித்தான்.”

அவர் துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார். நான் அவரைப் படம் எடுத்துக்கொண்டு வந்து பதிவைப் போட்டேன்.

வியாழக்கிழமை கூலிமில் வேறொரு பட்டறைக்குப் போனேன். மலாய்க்கார மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி, திருப்பிக் காட்டினார். ரிம்மின் உள்பக்கத்தில், ஒரு பக்கமாக மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு மண் இறுகிப்போயிருந்தது. “தானா மேரா” என்று சிரித்தார். எங்கள் தோட்டத்துச் செம்மண்தான். ஒரு பக்கம் அவ்வளவு கனம் ஏறினால் சக்கரம் ஆடாமல் என்ன செய்யும்? அவர் சுரண்டி, தண்ணீர் அடித்தார். அண்ணன் ஒட்டிய ஈயத்துண்டுகள் வைத்த இடத்தில் அப்படியே இருந்தன. திரும்பும்போது நூற்றுப்பத்திலும் ஸ்டீயரிங் அசையவில்லை. எனக்கு அழுகை வந்தது.

சனிக்கிழமை அண்ணன் கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒரு டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்.

“மண்ணு இருந்தத அன்னைக்கே பாத்துட்டேன்,” என்றார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நாலு பேரு முன்னால எஸ்டேட்டுக்காரன்னு ஏசிட்ட. அதுக்கப்புறம் உன் கார்லயே எஸ்டேட்டு மண்ணு ஒட்டியிருக்குன்னு எப்படிச் சொல்றது? ஒனக்குத்தான அசிங்கம்.”

அவ்வளவுதான், அடுத்த காருக்குப் போய்விட்டார். மன்னித்தாரா என்று தெரியவில்லை. கேட்கும் முகம் எனக்கில்லை.

தோட்டப் பாதைகளில் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: வீடு திரும்பியதும் ரிம்மின் உள்பக்கம் தண்ணீர் அடியுங்கள், மண் காய்வதற்கு முன். வேகத்தில் ஸ்டீயரிங் ஆடினால் பெரும்பாலும் முன்சக்கரம், சீட் ஆடினால் பின்சக்கரம். பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஆடினால் பிரேக் டிஸ்க்கைப் பார்க்கச் சொல்லுங்கள். சிக்னலில் நிற்கும்போதே உதறினால் எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங்காக இருக்கலாம். டயர் எங்காவது வீங்கியிருந்தாலோ சக்கர நட்டு தளர்ந்திருந்தாலோ அதற்கு மேல் ஓட்டாதீர்கள். எதுவானாலும் கேட்கிறவரிடம் சாவியைக் கொடுத்துப் பத்து நிமிடம் பொறுங்கள்.

மணியம் அண்ணன் கடை திகாம் பத்து மெயின் ரோட்டிலேயே இருக்கிறது. காலை ஒன்பதிலிருந்து ஏழு வரை, ஞாயிறு விடுமுறை. வேலை சுத்தம், நம்பிப் போகலாம். என் பதிவைப் படித்துவிட்டு வந்ததாக மட்டும் அவரிடம் சொல்லாதீர்கள்.