பத்துக்கும் இருபதுக்கும் நடுவே

பின்னால் வரக்கூடிய ஒரு வரிக்காக முன்கூட்டியே இடம் விட்டு எழுதப் பழகியவர்கள், பின்னால் வரும் மனிதருக்கு இடம் என்றதும் ஏன் முகம் சுளிக்கிறார்கள்? சென்ற கோடையில், காலாவதியான ஒரு கணினி மொழி இந்தக் கேள்வியை என்முன் வைத்தது.

கள்ளக்குறிச்சியில் என்னோடு கணினி பயின்றவன் ஒருவன் இன்று மென்பொருள் துறையில் பெரிய பதவியில் இருக்கிறான். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அவன் ஓர் இணைப்பை அனுப்பினான். தொட்டதும் கறுப்புத் திரை விரிந்தது. ‘ஓகே’ என்று ஒரு சொல், அதன் கீழே கண் சிமிட்டும் சிறு கோடு. எங்கள் பழைய பேசிக் மொழி. குழுவே உருகிவிட்டது. "அதாண்டா லாங்குவேஜ்! இப்ப இருக்கற பசங்களுக்கு இன்னா தெரியும்?" என்று ஒருவன் கசிந்தான்.

நானும் தட்டிப் பார்த்தேன். மட்டமான மொழி. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஓர் எண் போட்டாக வேண்டும், அந்த எண் வரிசையில்தான் ஓடும். ஓர் எழுத்து பிசகினால், இன்ன தவறு என்று சொல்லத் தெரியாமல் ‘சின்டாக்ஸ் எரர்’ என்று உறுமும். இதற்காகக் கண்ணீர் விடுகிற எவனும் தன் பிள்ளைக்கு இதைக் கற்பிக்க மாட்டான். ஆனால் என் விரல்கள் தாமாகவே முதல் வரிக்குப் பத்து என்றும், அடுத்ததற்கு இருபது என்றும் எண் போட்டன. அங்கேதான் நின்றுவிட்டேன்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தால் சாலைகள் அடிக்கடி மறிக்கப்பட்ட ஆண்டுகள் அவை. பட்டம் முடித்த நாங்கள் சிலர், ஜவுளிக்கடை மாடியில் இருந்த பயிற்சி மையத்துக்கு, செருப்பைப் படியிலேயே கழற்றிவிட்டு ஏறுவோம். இயந்திரத்துக்குத் தூசு ஆகாதாம். முதல் வாரத்தில், இப்போது இணைப்பு அனுப்பிய இதே நண்பன் தன் வரிகளுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டான். ஆசிரியர் அவன் பின்னால் வந்து நின்றார்.

"இன்னாய்யா இது, தீப்பெட்டில குச்சி அடுக்கற மாதிரி? நடுவுல ஒரு வரி வந்துச்சின்னா எங்க சொருவுவ?"

"வராது சார்."

"வரும்யா. பத்து, இருபதுன்னு போடு. அப்புறமா வர்றதுக்கு எடம் வுட்டு வைக்கணும்."

அவன் மாற்றி எழுதினான். அன்றைக்கு மூங்கில்துறைப்பட்டுச் சாலையில் புளியமரத்தை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள், பேருந்து இல்லை. அவன் சன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "எடம் வேணுமாம், எடம்! தகுதி இருந்தா தானா வரப்போவுது." ஆசிரியரும் தலையாட்டினார். அவன் திரையில் பத்துக்கும் இருபதுக்கும் நடுவே ஒன்பது எண்கள் காலியாகக் கிடந்தன.

இப்போது எங்கள் வாட்ஸ்அப் குழு கோடைதோறும் கள்ளக்குறிச்சியில் இலவசக் கணினி வகுப்பு நடத்துகிறது. இடங்கள் கொஞ்சம், கணினியில் தேர்வு வைத்து ஆள் எடுக்கிறார்கள். அந்த இணைப்பு வந்த அதே கோடையில், மலைமேல் உள்ள கரியாலூர் உண்டு உறைவிடப் பள்ளியிலிருந்து ஒரு மாணவி வந்திருந்தாள். கல்லூரியில் கணினி அறிவியல் சேர வேண்டும் என்பது அவள் விருப்பம். அதற்கு முன் விசைப்பலகையைத் தொட்டதே இல்லை. விடைகள் தெரிந்திருந்தும், எழுத்துகளைத் தேடுவதற்குள் நேரம் முடிந்துபோனது. அவள் பெயர் பட்டியலில் கீழே போயிற்று. மேலே இருந்தவர்களோ வீட்டில் மடிக்கணினி உள்ளவர்கள். இந்த வகுப்பு இல்லாவிட்டாலும் அவர்களுக்கு ஒன்றும் குறையாது. மலைப் பிள்ளைகளுக்கென்று ஓர் இடம் ஒதுக்குங்கள் என்று குழுவினர் எல்லோரும் பேசிய தொலைபேசி அழைப்பில் கேட்டேன்.

"யப்பா, ஆரம்பிச்சிட்டியா?" என்றான் நண்பன். "இப்படியே ஏத்திக்கினு போனா கிளாஸ் குட்டிச்சுவராப் பூடும்."

"நீ பத்துக்கு அப்புறம் பதினொண்ணு ஏன் போடல?"

"அதுக்கும் இதுக்கும் இன்னாப்பா சம்பந்தம்? அது டெக்னிக்கு. இது கோட்டா."

மற்றவர்கள் சிரித்தார்கள். தன் வரிக்கு விட்டால் நுட்பம், இன்னொருத்தியின் வாழ்க்கைக்கு விட்டால் சலுகை! ஆயுள் முழுவதும் கணினியோடு வாழ்ந்தும், அது முதல் வாரத்தில் சொல்லிக் கொடுத்ததைக்கூட இவர்கள் கற்கவில்லை. இந்த அறிவுக்குத்தான் தகுதி என்று பெயர்.

அந்த மாணவிக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. நான் குழுவிலிருந்து விலகினேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மடிக்கணினியோடு கரியாலூருக்குப் பேருந்து ஏறுகிறேன். அவளும் அவள் தோழிகளும் என்னிடம் பைத்தான் என்ற கணினி மொழி படிக்கிறார்கள்.