திருப்பி வைத்த வசனம்

ஆண்டவருக்கே டிமிக்கி கொடுக்கப் பார்த்த ஆள் நான். சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கு அது பழகிவிட்டது.

இந்தப் புத்தாண்டுக் காலையில் போன் 'டிங்' என்றது. சபை வாட்ஸ்அப் குழுவில் எல்லோருக்கும் ஒரே வாக்குத்தத்த வசனம், ரோஜாப்பூ படம் போட்டு. நல்ல வசனம்தான். ஆனால் கை சும்மா இருந்தது. முன்பெல்லாம் புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் போதகர் ஒரு பெரிய தாம்பாளத்தில் வசன அட்டைகளைக் கவிழ்த்துப் பரப்பி வைத்திருப்பார். வரிசையில் போய், கண்ணை மூடி ஜெபித்து, ஒன்றை எடுக்க வேண்டும். கையில் வந்ததுதான் அந்த வருடம் முழுக்க ஆண்டவர் நமக்குச் சொல்லும் சொல். அட்டை நேராக பீரோ கண்ணாடிக்குப் போகும். மாமியார் வந்தால் முதலில் அதைத்தான் வாசிப்பார்.

தாம்பாளம் என்றாலே எனக்குக் கேக் வாசனையும் சொல்யூஷன் வாசனையும் சேர்ந்து வரும். சொல்யூஷன் என்றால் ஷூ ஒட்டுகிற பசை. ஆம்பூர் கம்பெனியில், ஷூவின் மேல்தோலை அச்சில் இழுத்து ஒட்டுகிற மெஷினில் எனக்கு வேலை. எத்தனை சோப்பு போட்டாலும் அந்த வாசனை விரலை விட்டுப் போகாது. ஜெபிக்கக் கை கூப்பினால் மூக்குக்கு நேரே கம்பெனி வந்து நிற்கும். என் மனைவி எஸ்தருக்கும் அங்கேதான் வேலை, தையல் பிரிவில்.

கொரோனா வந்த வருடத்தின் முதல் நாள். நான் எடுத்த அட்டையில், பொறுமையாகக் காத்திரு என்கிற மாதிரி ஒரு வசனம். சப்பென்று ஆகிவிட்டது. அந்த வருடம் சூப்பர்வைசர் ஆவது என்று நானே திட்டம் போட்டு முடித்திருந்தேன். ஆண்டவர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. போதகர் யாரிடமோ பேசத் திரும்பிய நேரம் பார்த்து, அதைத் தாம்பாளத்தின் ஓரத்தில் செருகிவிட்டு வேறொன்றை உருவினேன். கதவு திறக்கும் என்று சொல்கிற வசனம். ஆகா! எனக்கு அடுத்து எஸ்தர் எடுத்தாள். வெளியே வந்து பார்த்தால், அவள் கையில் நான் திருப்பி வைத்த அதே அட்டை. நான் மூச்சு விடவில்லை.

மார்ச்சில் நாட்டில் இருந்த கதவெல்லாம் மூடிக்கொண்டது. கம்பெனி கேட், சர்ச் கேட், டீக்கடை ஷட்டர். பீரோ கண்ணாடியில் என் கதவு மட்டும் ஜம்மென்று திறந்திருந்தது.

ஆம்பூருக்குள் பஸ் நுழைந்தால் வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்துவார்களே, அந்தத் தோல் வாடை கொஞ்சம் கொஞ்சமாக ஊரை விட்டுப் போனது. காற்று சுத்தமாகிவிட்டது என்று டிவியில் சந்தோஷப்பட்டார்கள். அந்த வாடை இருந்தால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும்.

"இனிமே கம்பெனி தொறக்காது. அரக்கோணத்துல அண்ணன் தண்ணி கேன் போடறான். வூட்ட காலி பண்ணினு அங்க போய்டலாம்" என்றேன் எஸ்தரிடம்.

"தொறப்பாங்க. கூப்புடறப்ப நாம இங்க இருக்கணும்."

"எவன் சொன்னான்?"

பீரோ கண்ணாடியில் இருந்த தன் அட்டையைக் காட்டினாள்.

"அது பொதுவா அடிச்ச அட்டைடி."

"அப்போ உன்னுது?"

ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்ததும், திறந்த கதவு இதுதான் என்று நம்பி, பையைத் தூக்கிக்கொண்டு நான் மட்டும் அரக்கோணம் போனேன். கேன் தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டது. "ஷூ ஒட்டறவன வச்சினு நான் இன்னாடா பண்றது, ஒரே பேஜாரா கீது" என்றான் அண்ணன்.

ஒரு நாள் எஸ்தர் போன் செய்தாள். ஹலோகூடச் சொல்லவில்லை. "வாடை வருதுய்யா" என்றாள். கையிலிருந்த கேனைக் கீழே வைத்துவிட்டேன்.

பாதி ஆட்களோடு கம்பெனி திறந்தது. கம்பெனி பஸ் ஓடவில்லை. நடந்து வரக்கூடிய உள்ளூர் ஆட்களுக்குத்தான் முதல் அழைப்பு. வீட்டைக் காலி செய்திருந்தால் எங்கள் இரண்டு பேர் பிழைப்பும் போயிருக்கும். "என் வூட்டுக்காரரு வந்துனே இருக்காரு சார், கொஞ்சம் வெய்ட் பண்ணுங்க" என்று மேனேஜரிடம் கெஞ்சி, என் மெஷினுக்கும் வேறு ஆள் வராமல் பார்த்துக்கொண்டாள். ஊர் விட்டு ஊர் போக இ-பாஸ் வாங்கி, இடுப்பைப் பிடித்தபடி நான் போய்ச் சேர்ந்தேன்.

இப்போதும் ஆர்டர் கம்மி, ஆள் ஜாஸ்தி என்று கேண்டீனில் பேச்சு அடிபடும். நான் கலங்குவதில்லை. வேண்டாம் என்று நான் தள்ளியதையே என் வீட்டுக்கு அனுப்பி வைத்தவர், மற்றதையும் பார்த்துக்கொள்வார்.

தாம்பாளம்தான் போய்விட்டது. தொற்றுக்குப் பயந்து நிறுத்தினார்கள். பிறகு திரும்ப வரவேயில்லை. போனில் வருவதைத் திருப்பி வைக்கவும் முடியாது, முதுகுக்குப் பின்னால் வரிசையும் கிடையாது.

அந்த ஏக்கத்தில் இந்தப் புத்தாண்டில் எஸ்தரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, "பாத்தியா, நான் வாணாம்னு வச்சது உன் கைக்கே வந்துது. ஆண்டவரோட திட்டம்!" என்றேன்.

அவள் இஞ்சி நசுக்குவதை நிறுத்தவில்லை.

"திட்டம் அவரோடதுதான். நீ எங்க சொருவனன்னு பாத்து எடுத்தது நானு. வூட்ல ஒருத்தராவது காத்துனு இருக்கணும்ல?"