வழி சொல்லித் தள்ளியவர்

செம்மேட்டு ஆஸ்பத்திரியில் சக்கர நாற்காலியைக் கையாள ஏழு விதிகள் எழுதி ஒட்டியிருந்தேன். சக்கரத்துக்குக் கல் கொடுப்பது, இடுப்புக்குத் தலையணை வைப்பது எல்லாம் அதில் இருந்தன. ஆனாலும் மிளகு பறிக்கையில் மரத்திலிருந்து விழுந்து முதுகில் அடிபட்ட பெண், ஒருமுறை வாசற்படியில் நாற்காலி குலுங்கியதிலிருந்து அதில் உட்கார மறுத்தாள். படுத்தே கிடந்ததால் முதுகில் புண் வரத் தொடங்கியது.

அவளை மலையிலிருந்து மூங்கிலில் கட்டிய டோலியில் சுமந்து வந்தவர்களில் ஒருவர் ஒருநாள் பார்க்க வந்தார். குட்டையான மனிதர், தோள்களில் மூங்கில் அழுத்திய காய்ப்பு. "நான் தள்ளறேன், வா கண்ணு" என்றதும் அரைமனதோடு சம்மதித்தாள். என் விதிகளைக் கேட்டு, ஒன்றுவிடாமல் செய்தார். தள்ளும்போது, "வாசப்படி வருது, எறக்கம் வருது" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே போனார்.

"எதுக்குங்க இந்தச் சத்தம்?" என்றேன்.

"டோலிக்குப் பின்னால வாரவனுக்குத் தரை தெரியாதுங்க, முன்னால போறவன்தான் சொல்லோணும். இந்தப் புள்ளையாலயும் குனிஞ்சு தரையப் பாக்க முடியாதுங்களே."

"அண்ணா, வழியில கல்லு இல்லீனா எறும்பு வருதுன்னாச்சும் சொல்லுங்க!" என்று சிரித்தாள் அவள். நாற்காலியை இறுகப் பற்றியிருந்த விரல்கள் தளர்ந்திருந்தன.

அன்றே எட்டாவது விதியை எழுதினேன். எங்கள் நர்சுகள் இப்போது வழி சொல்லியபடியே தள்ளுகிறார்கள். வெளியூர் டாக்டர்கள் சிரிக்கிறார்கள். எனக்கு அந்த ஒரு விதியில்தான் பெருமை. மற்ற ஏழும் நான் படித்து வந்தவை.